ஊரே திட்டிய லெமெல் பிரோட்னர்

லெமெல் பிரோட்னர் மேடையில் கால் வைத்ததுமே சபை சீற ஆரம்பித்துவிடும். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். தொப்பியைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான். பால்கனியிலிருந்து முன்வரிசைவரை ஒரே "உஸ்ஸ்ஸ்" சத்தம். பக்கத்தில் நிற்கும் கதாநாயகி அது அடங்கும்வரை கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு காத்திருப்பாள்.

அவன் வில்லன். பெண்டாட்டியைத் தவிக்கவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறும் புருஷன், அநாதைப் பெண்ணின் சொத்தை விழுங்கும் சித்தப்பா, தையல் பட்டறையில் பெண்களிடம் வாலாட்டும் மேஸ்திரி, எல்லாம் அவன்தான். லெமெல் என்றால் யூதர்களான எங்கள் இத்திஷ் மொழியில் ஆட்டுக்குட்டி. பெயர் வைத்த அம்மா தப்பொன்றும் செய்யவில்லை. டிராமில் யார் காலையாவது மிதித்துவிட்டால் இவன் மன்னிப்புக் கேட்கிற கேட்பில் மிதிபட்டவர் அலுத்துப்போய், இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிடுவார். அப்படிப்பட்ட ஆள்.

அது எங்களுக்குத்தான் தெரியும். கப்பலேறி அமெரிக்காவில் குடியேறிய எங்கள் ஜனங்களுக்கு எங்கே தெரியும்? வாரமெல்லாம் தையல் மெஷினில் குனிந்து கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் பிள்ளைகுட்டி, ஆரஞ்சுப்பழம், அவித்த முட்டை சகிதம் வந்து உட்காருவார்கள். மேடையில் நடப்பதெல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பது மாதிரிதான் அவர்களுக்கு. ஆர்ச்சர்ட் தெருக் கறிக்கடைக்காரன் லெமெலுக்கு மட்டும் எலும்பாகப் பார்த்து வெட்டுவான். "போன வாரம் அந்தப் பொண்ணுக்கு நீ பண்ண அக்கிரமத்துக்கு இதுவே ஜாஸ்தி" என்பான். வாடகைக்கு அறை கேட்டுப் போனால் வீட்டுக்காரி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, "வயசுப் பொண்ணு இருக்கிற வீடுப்பா, வேற எடம் பாரு" என்று அனுப்பிவிடுவாள்.

நான் யோய்னே. இரண்டாம் அவென்யூவில் கெலெர்மன் நடத்திய நாடகசாலையில் வசனம் எடுத்துக்கொடுப்பவன். மேடையின் முன்விளிம்பில் மரமூடி போட்ட ஒரு குழி இருக்கும். அதற்குள் கழுத்தளவு நின்றுகொண்டு, மறந்துபோகிறவர்களுக்கு அடிக்குரலில் வரியை ஊட்ட வேண்டும். ஒரே ஒரு நாள் தவிர லெமெலுக்கு நான் ஊட்டியதே இல்லை. அவன் தன் வரிகளோடு மற்றவர்கள் வரிகளையும் மனப்பாடம் செய்துவிட்டு வருவான். அதனாலேயே நாங்கள் சிநேகிதர்களானோம் என்று நினைக்கிறேன். அவன் மேடையில் இருக்கும்போதுதான் எனக்குத் தேநீர் குடிக்க நேரம் கிடைக்கும்.

அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. தரகர்கள் அவன் பெயரைக் கேட்டதுமே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடைசியில் பெண் தானாக வந்தது. அதுவும் செருப்பைத் தூக்கி எறிந்துகொண்டு வந்தது.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. மூன்றாம் அங்கத்தில், பச்சைக் குழந்தையோடு காலில் விழும் மனைவியை உதறிவிட்டு, பால் கிண்ணத்தையும் தட்டிவிட்டு லெமெல் வாசலை நோக்கி நடக்க வேண்டும். கிண்ணம் உருண்டதுதான் தாமதம், நாலாவது வரிசையிலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து என் மரமூடியில் 'டம்' என்று விழுந்து, அவன் காலடியில் போய் நின்றது. அவன் அதைக் குனிந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல வெளியேறினான். அந்தப் பாவி, மனைவியின் செருப்பையும் திருடிக்கொண்டு போகிறான் என்று சபை இன்னும் சீறியது.

காட்சி முடிந்து நாங்கள் பின்வாசல் வழியாக வெளியே வந்தால், ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு நின்றாள். வெறுங்காலைத் தூக்கி மற்றக் கால்மேல் வைத்திருந்தாள்.

"என் செருப்பக் குடுங்க."

லெமெல் இரண்டு கைகளாலும் நீட்டினான். "இந்தாங்கம்மா. குதி கொஞ்சம் ஆடுச்சு. உள்ள தச்சர்கிட்ட சொல்லி ஒரு ஆணி அடிச்சிருக்கேன்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு அடி பட்டுதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இதோ இந்த யோய்னே தலைக்கு மேலதான் விழுந்துது. உங்களுக்குக் குறி பத்தாது."

"அடுத்த வாரம் பாருங்க, நேரா மூக்குலயே விழும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் முகம் மாறி, "பச்சப்புள்ள பாலப் போயி தட்டிவிட எப்படிங்க மனசு வந்துது?" என்றாள்.

"பால் இல்லம்மா. சுண்ணாம்புத் தண்ணி."

"தெரியும். தெரிஞ்சாலும் வயிறு எரியுது."

அவள் பெயர் ஹென்யா. உள்பாவாடை தைக்கும் பட்டறையில் வேலை. அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். எறியவில்லை. ஆனால் சீறுவதை நிறுத்தவுமில்லை. லெமெலுக்கு அவள் குரல் தனியாகக் கேட்குமாம். "அந்த இடது பக்கம் ஒரு மெல்லிசான சீறல் வருது பாரு, அது ஹென்யா" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வான்.

ஹென்யாவின் அப்பா தொப்பி தைப்பவர். வாய் நீளம். நியாயம் பேசுவதற்காகவே அவரை நாலு தெருவுக்குக் கூப்பிடுவார்கள். பெண் கேட்க என்னையும் துணைக்கு அழைத்துப் போனான் லெமெல். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஏண்டி, இவன் இந்த சீசன்ல மட்டும் மூணு பொண்டாட்டிய விட்டுட்டு ஓடிட்டான். என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றார் மகளிடம்.

"அப்பா, அது நாடகம்."

"ஒருத்தன் ஒரு தடவ பண்ணா நாடகம். வருஷம் பூரா அதையே பண்ணா அதுக்குப் பேரு பழக்கம்."

"ஐயா, நான் குடிக்கறதில்ல, சீட்டாடறதில்ல" என்றான் லெமெல்.

"அதையும்தான் மொத அங்கத்துல சொன்ன. ரெண்டாவது அங்கத்துல என்ன ஆச்சு?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிழவரும் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு மனிதரால் முறைத்துக்கொண்டு இருக்க முடியுமா? தேநீர் வந்தது, ஊறவைத்த ஹெர்ரிங் மீன் வந்தது, வசந்தகாலத்தில் கல்யாணம் என்று முடிவானது. கல்யாண விதானத்தின் கீழே லெமெல் மோதிரத்தை எடுத்தபோது பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "உஸ்ஸ்" என்று சீறிவிட்டார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணத்தை நடத்திவைத்த எங்கள் குரு ராபியே, சிரிப்பை மறைக்கத் தாடியை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. வீடு எப்போதும் ஆட்களால் நிறைந்திருக்கும். வேலையில்லாத நடிகர்கள், வாந்தியெடுத்தபடி கப்பலிலிருந்து இறங்கிய ஊர்க்காரர்கள் என்று யாராவது சோபாவில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

லெமெலுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது நல்லவனாக நடிக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி, ஒவ்வொரு நடிகனுக்கும் வருஷத்தில் ஒரு காட்சி உரிமையாக உண்டு. அன்றைக்கு நாடகம், வேஷம் எல்லாம் அவன் விருப்பம். லெமெல் ஓர் ஏழைப் பள்ளிவாத்தியார் கதையைத் தேர்ந்தெடுத்தான். தான் பட்டினி கிடந்து அநாதைகளுக்குச் சோறு போடும் மகான். கெலெர்மன் தலையில் கை வைத்துக்கொண்டார். "லெமெல், கோழிக்கடைக்கு வந்தவங்களுக்குப் பூ விக்கறியா?" என்று கேட்டுப் பார்த்தார். இவன் கேட்கவில்லை.

முதல் அங்கம் முழுக்கச் சபை மூச்சுவிடாமல் காத்திருந்தது. இவன் எப்போது தன் புத்தியைக் காட்டப் போகிறான் என்றுதான் காத்திருப்பு. இவன் பிரார்த்தனை செய்தால், "நடிக்கிறான், நடிக்கிறான்" என்று கிசுகிசுப்பு. இரண்டாம் அங்கத்தில், கந்தல் உடுத்திய சிறுமிக்குத் தன் கடைசித் துண்டு ரொட்டியைக் கொடுக்கிறான். அந்தக் குழந்தை அதை வாயருகே கொண்டுபோனதும், பால்கனியிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து அலறினாள்:

"சாப்டாதடி கண்ணு! வெஷம் வச்சிருக்கான்!"

குழந்தை பயந்துபோய் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டது. சபை கைதட்டியது. லெமெல் அந்த ரொட்டித் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக வரி மறந்துபோனது. நான் எடுத்துக்கொடுத்தேன், அவன் காதில் விழவில்லை. அவன் கண்ணில் நீர் நிற்பதை அவ்வளவு பக்கத்தில் இருந்த நான் மட்டும்தான் பார்த்திருப்பேன். அப்புறம் சுதாரித்துக்கொண்டு நாடகத்தை முடித்தான். அதற்குப் பிறகு நல்லவன் பேச்சையே எடுக்கவில்லை.

காலம் போயிற்று. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள், ஆங்கில சினிமாவுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் பால்கனி காலியாகக் கிடந்தது. எங்கள் மொழியிலும் சில பேசும் படங்கள் வந்தன. நியூஜெர்சியில் ஒரு பண்ணையில் படுதா கட்டி ரஷ்யக் கிராமம் போட்டார்கள். லெமெல் அதில் லேவாதேவிக்காரன். பக்கத்துப் பண்ணைப் பசு கத்திக் கத்தி எல்லாக் காட்சியையும் இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் படங்களும் நின்றுபோயின. லெமெல் கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரியை அறிமுகம் செய்துவைக்கும் வேலைக்கு வந்துசேர்ந்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில் கலிபோர்னியாவிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ஆள் வந்தான். ஜெர்மன் ராணுவ அதிகாரியாக நடிக்க ஆள் வேண்டும். உச்சரிப்பு வேண்டும், முகம் வேண்டும். யாரோ லெமெலைக் காட்டியிருக்கிறார்கள்.

நடிகர்கள் கூடும் காபிக் கடையில் அன்றைக்குப் பெரிய ரகளை. பெர்ச்சிக் என்று எங்களுடைய பழைய கோமாளி நடிகன் மேசையைத் தட்டினான்.

"அந்த உடுப்ப உன் உடம்புல போடுவியா? உன் தங்கச்சி அங்க இருக்காளேடா!"

லெமெலின் தங்கை ரைஸா புருஷன், மகளோடு தார்னோப்பல் பக்கத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் நாங்கள் விட்டுவந்த சின்ன ஊரிலேயே இருந்துவிட்டாள். ஜெர்மன்காரன் உள்ளே நுழைந்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

லெமெல் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "என்ன வெறுக்கணும்னுதான் இவ்வளவு நாளா சோறு போட்டாங்க. ஒரு பாவமும் அறியாத மேஸ்திரிக்கெல்லாம் திட்டு வாங்கிக் குடுத்திருக்கேன். இப்ப நெஜமாவே திட்டு வாங்க வேண்டியவன் ஒருத்தன் வந்திருக்கான். இப்ப போயி முடியாதுன்னு சொல்லவா?"

"கைதட்டுவாங்கன்னு நெனப்பா?"

"எனக்கு யாரு கைதட்டியிருக்காங்க, பெர்ச்சிக்?"

ஹென்யா வீட்டில் அவன் பெட்டியை அடுக்கிக்கொடுத்தாள். கம்பளிச் சட்டைகளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி ஒன்றுதான் சொன்னாள். "போயிட்டு வா. ஆனா அந்த ஜெர்மன்காரன வேடிக்கைப் பொருளா ஆக்கிடாத. எல்லாப் படத்துலயும் அவன் வழுக்கி விழறான், ஜனங்க சிரிக்கறாங்க. நீ விழாத."

டைரக்டர் இவனைக் கத்தச் சொன்னாராம். மேசையைக் குத்து, எச்சில் தெறிக்கக் கத்து என்றாராம். இவன் ஒரு தடவை தன் இஷ்டப்படி செய்து காட்டட்டுமா என்று கேட்டு, கத்தாமல், மரியாதையாக, நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு கிழவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஒளிந்திருக்கும் ஊர்க்காரர்கள் பெயரைக் கேட்டிருக்கிறான். கிழவர் சொல்லாதபோது ஒரே ஓர் அறை. கிழவராக நடித்தவரும் நம்ம ஆள்தான், எங்கள் மேடையில் நடித்த பழைய கிட்டல்சன். படம் பிடிக்கும் இடைவேளையில் உணவுக்கூடத்தில் எல்லோரும் இந்த உடுப்பைப் பார்த்துத் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போவார்களாம். கிட்டல்சன் மட்டும் வந்து பக்கத்தில் உட்காருவார்.

"லெமெல், அடிக்கறத நல்லா அடிச்சுத் தொலைடா. நீ பயந்து பயந்து தடவினா ஆறு தடவ எடுக்கறாங்க. என் பல்லு தாங்காது."

படம் எங்கள் தெருக் கொட்டகைக்கு வந்தபோது நாங்கள் மூவரும் போனோம். லெமெல் திரையில் வந்தான். நான் சீறலுக்குக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். கிழவரை உட்காரச் சொன்னான். கூடத்தில் யாரோ அடக்கமுடியாமல் இருமியதுதான் கேட்டது. லெமெல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "ஏன்டா யாரும் சீற மாட்டேங்கறாங்க?" என்று கேட்டான்.

வெளியே வந்ததும் மீன் விற்கும் ஷிஃப்ரா எதிரே வந்து நின்றாள். தெருவே கேட்கும் குரல்காரி. துப்பப் போகிறாள் என்று ஹென்யா லெமெலை மறைத்துக்கொண்டு நின்றாள். ஷிஃப்ரா துப்பவில்லை. அவன் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"இவங்கள எங்கய்யா பாத்தீங்க? பாத்தவராலதான் இப்படிச் செய்ய முடியும். எங்கண்ணன் குடும்பம் அங்கதான் இருக்கு. இப்படித்தான் நாற்காலி போட்டு உக்கார வைக்கறாங்களா? சொல்லுங்க."

இத்தனை வருஷமாக, "அம்மா, இது நாடகம்தாம்மா" என்று நூறு பேருக்குச் சொல்லியிருப்பான். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என் தங்கச்சியும் அங்கதான் இருக்கா" என்றான்.

ஷிஃப்ரா கையை விடவில்லை.  பிடித்தபடியே, "வாங்க, ஏதாவது சூடாக் குடிக்கலாம்" என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாள்.

அவனுக்கு அதே உடுப்பில் இன்னும் இரண்டு படங்கள் கிடைத்தன. செய்தான். யுத்தம் முடிந்தது. ரைஸாவும் புருஷனும் இல்லை என்று தெரிந்தது. மகள் மிர்லா ஒரு விவசாயியின் தானியக் கிடங்கில் ஒளிந்து பிழைத்திருந்தாள். அகதி முகாமில் சில வருஷங்கள் இருந்துவிட்டு எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கினாள்.

அவள் வருவதற்கு முன்பே லெமெல் சுவரிலிருந்த சினிமாப் படங்களையெல்லாம் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டான். ஹென்யா எங்கள் எல்லோருக்கும் கட்டளை போட்டாள்: அங்கே நடந்ததைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. மிர்லாவும் சொல்லவில்லை. கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள், வந்தாள், பாத்திரம் கழுவினாள், வானொலியில் பாட்டுக் கேட்டாள். சிரிக்கவும் செய்தாள். ஆனால் அம்மா என்ற சொல் அவள் வாயில் வந்து நாங்கள் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சாப்பிடப் போயிருந்தேன். லெமெல் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மிர்லா பாட்டு நிகழ்ச்சி தேடித் தொலைக்காட்சிக் குமிழைத் திருகினாள். திரையில் லெமெல், அந்த உடுப்பில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பழைய படத்தைப் போட்டுவிட்டார்கள்.

ஹென்யா கரண்டியோடு ஓடிவந்தாள். மிர்லா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க அத்தை."

கிழவர் உட்கார்ந்தார். அறை விழுந்தது. அதே நேரம் கதவு திறந்து, ரொட்டிப் பொட்டலத்தோடு லெமெல் உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். மிர்லாவைப் பார்த்தான். எத்தனையோ மேடைகளில் எப்படி நுழைவது என்று தெரிந்தவன், தன் வீட்டு வாசலில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

"இது நீங்கதானா மாமா?"

"ஆமாம்மா."

"நல்லா நடிச்சிருக்கீங்க." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா எங்க வீட்டுக்கு வந்தவன் இப்படி இல்ல. அவனுக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு, கைய வச்சுத் தொடச்சிட்டே இருந்தான். அம்மா உள்ள போயி ஒரு கைக்குட்டை எடுத்துட்டு வந்து குடுத்தாங்க."

"ரைஸாவா?"

"ஆமா. தொவச்சு இஸ்திரி போட்ட கைக்குட்டை. அவன் நன்றி சொன்னான் மாமா. நன்றி சொல்லிட்டு, கோட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்கன்னு சொன்னான்."

லெமெல் கோட்டைக்கூடக் கழற்றாமல், ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளெதிரே உட்கார்ந்தான். மிர்லா பேசினாள். ஹென்யா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். நான் எழுந்துபோகலாமா என்று பார்த்தேன், எழ முடியவில்லை. லெமெல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் நிறுத்தினால் காத்திருந்தான். அவள் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது.

அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு ஜெர்மன் தளபதி வேஷத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். "அவன எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். கடிகாரம் பழுதுபார்க்கிறவன், ஆஸ்பத்திரி டாக்டர், பழக்கடைக்காரன் என்று கிடைத்த சின்ன வேஷங்களைச் செய்தான். அவனுக்கு அதில் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

மிர்லாவுக்கும் பேச்சு வந்துவிட்டது. முதலில் சாவைப் பற்றித்தான். பிறகு மெல்ல மெல்ல அதற்கு முந்திய விஷயங்கள். ரைஸா ஊரில் எல்லோர் மாதிரியும் நடித்துக்காட்டுவாளாம். பாதிரியார், பால்காரி, தண்ணீர் சுமக்கும் நொண்டி ஃபிஷல், யாரையும் விடமாட்டாளாம். லெமெலுக்கு அது புதுச் செய்தி. அவன் ஊரைவிட்டு வந்தபோது தங்கை சின்னப் பெண்.

"ஃபிஷல எப்படிச் செய்வா? செஞ்சு காட்டு பாப்போம்."

மிர்லா வெட்கப்பட்டாள். அப்புறம் எழுந்து, தோளில் காவடி மாதிரி தடியை வைத்துக்கொள்வதுபோலப் பாவித்து, வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"எடது கால்!" என்று லெமெல் எழுந்துவிட்டான். "ஃபிஷலுக்கு எடது காலும்மா. எனக்கு நல்லாத் தெரியும்."

"வலதுதான் மாமா. அம்மா இப்படித்தான் நடப்பாங்க."

"அப்ப ரைஸா தப்பாப் பண்ணியிருக்கா. இங்க பாரு."

சாப்பாட்டு மேசையைச் சுற்றி, அறுபது தாண்டிய லெமெல் இடது காலை இழுத்துக்கொண்டு முன்னே நடக்க, வலது காலை இழுத்துக்கொண்டு மிர்லா பின்னே நடந்தாள். ஹென்யா சூப் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழிய விடுங்க, வழிய விடுங்க, கொட்டிடப் போகுது!" என்று கத்தினாள்.